ஊசி எவ்வளவு ஆழம் போகிறது? அழகுக்கான பச்சையும் வெண்புள்ளிக்கான நிறமேற்றமும்

போன ஷவ்வாலில் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன.

முதலில் பேசியது என் சாச்சி மகள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் அவளுடைய தோழிக்கு, பியூட்டி பார்லரில் மணப்பெண் அலங்காரத்தோடு சேர்த்துப் புருவத்துக்கு 'மைக்ரோபிளேடிங்' செய்து தருகிறார்களாம். "ராத்தா, அது பச்சை குத்துறது இல்லையாம். செமி பெர்மனன்ட்டாம், ஒரு வருஷத்துல தானா போயிடுமாம். கூடும்தானே?" என்றாள்.

இரண்டாவது அழைப்பு, உறவுக்கார மாமி ஒருவரிடமிருந்து. அவருடைய பத்தொன்பது வயது மகளுக்குக் கீழுதட்டின் ஓரத்தில் வெண்புள்ளி. ஒரு துவரம்பருப்பு அளவில் தொடங்கியது, இப்போது உதட்டில் பாதியை எட்டிவிட்டது. பெண் பார்க்க வரப்போகிறார்கள். உதட்டின் நிறத்திலேயே ஊசியால் நிறமேற்றி மறைத்துத் தருவதாக ஒரு விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். "பச்சை குத்துறது ஹராம்னு சொல்றாங்களே, அப்ப எம்புள்ளைக்கு வழியே இல்லையாம்மா?" என்று கேட்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

இரண்டு பேரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கருவியைப் பற்றி. ஒரே மாதிரியான ஊசி, ஒரே மாதிரியான நிறக்குப்பி. ஆனால் இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள முதலில் தோலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

மருதாணியும் பச்சையும்

மருதாணியிலிருந்து தொடங்கலாம். மருதாணி இலையில் 'லாசோன்' என்றொரு சாயப்பொருள் இருக்கிறது. அது தோலின் மேற்புறத்தில் இருக்கும் இறந்த செல்களிலுள்ள கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தச் செல்கள் நாள்தோறும் உதிர்பவை. அதனால்தான் பெருநாளைக்கு வைத்த மருதாணி இரண்டு மூன்று வாரங்களில் திட்டுத்திட்டாக மங்கிப் போய்விடுகிறது.

தோலின் மேலடுக்குக்கு எபிடெர்மிஸ் என்று பெயர். முகத்தில் அதன் தடிமன் ஏறத்தாழ ஒரு தாளின் அளவுதான். அதன் அடியில் புதுச் செல்கள் பிறந்து, மேலே ஏறி, இறந்து உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதற்குக் கீழே இருப்பது டெர்மிஸ். ரத்தக்குழாய்கள், நரம்புகள், முடியின் வேர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இந்த அடுக்கு உதிர்வதில்லை.

பச்சை குத்தும்போது நிறத்துகள் போய்ச் சேருவது இந்த டெர்மிஸில். உடலின் காவல் செல்களான மேக்ரோபேஜ்கள் ஓடிவந்து அந்தத் துகள்களை விழுங்குகின்றன. ஆனால் அவற்றால் செரிக்க முடிவதில்லை. வயிற்றில் கல்லோடு உட்கார்ந்திருப்பதுபோல அங்கேயே தங்கிவிடுகின்றன. பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளிடம் ஒன்றைக் கண்டார்கள். ஒரு மேக்ரோபேஜ் செல் இறந்தால் அது விட்டுச்செல்லும் நிறத்தைப் பக்கத்தில் வரும் புதுச் செல் விழுங்கிக்கொள்கிறது. செல்கள் மாறினாலும் நிறம் இடம் மாறுவதில்லை. பச்சை ஆயுளுக்கும் நிற்பதன் காரணம் இதுதான்.

இப்போது மைக்ரோபிளேடிங்குக்கு வருவோம். நுண்ணிய ஊசிகளை வரிசையாகச் சேர்த்துக் கத்தி முனைபோல அமைத்த ஒரு கைக்கருவி. அதனால் புருவத்தில் முடி போன்ற மெல்லிய கீறல்கள் போட்டு, அதில் நிறத்தைத் தேய்க்கிறார்கள். 'பவுடர் புரோ', 'லிப் பிளஷ்', இமையோரத்தில் நிரந்தர ஐலைனர் என்பவையெல்லாம் இயந்திர ஊசியால் புள்ளி புள்ளியாக வைக்கப்படுபவை. "மேல் தோலில்தான் போடுகிறோம்" என்று பார்லரில் சொல்வார்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் தரும் உத்தரவாதத்தோடு சேர்த்துப் பாருங்கள். மேல் தோலில் மட்டும் இருக்கும் நிறம் ஒரு மாதத்தில் உதிர்ந்தாக வேண்டும். ஒரு வருடம், இரண்டு வருடம் நிற்கும் என்றால் அது டெர்மிஸைத் தொட்டுவிட்டது என்றுதானே பொருள்? டெர்மிஸின் மேற்பகுதியில், குறைந்த அளவில் வைப்பதால் மங்குகிறது. மங்குவது வேறு, மறைவது வேறு. பலருக்குச் சாம்பலாகவோ செம்மையாகவோ ஒரு மிச்சம் வருடக்கணக்கில் தங்கிவிடுகிறது. 'செமி பெர்மனன்ட்' என்பது விற்பனைக்காக வைத்த பெயர். தோல் மருத்துவர்கள் இதையும் பச்சை என்றே வகைப்படுத்துகிறார்கள்.

மார்க்கம் எதைத் தடுக்கிறது?

பச்சை குத்துபவள், குத்திக்கொள்பவள் இருவரையும் சபித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் இதை அறிவித்தபோது, குர்ஆனை நன்கு ஓதியிருந்த உம்மு யஃகூப் என்ற பெண்மணி நேரே வந்து, "இது குர்ஆனில் எங்கே இருக்கிறது?" என்ற பொருளில் கேள்வி கேட்ட சம்பவமும் அதே அறிவிப்பில் வருகிறது. நம் பெண்களுக்கு அந்தச் சம்பவத்தை அவசியம் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டதற்காக அவரை யாரும் விரட்டவில்லை.

அரபியில் 'வஷ்ம்' என்ற சொல்லுக்கு முற்கால அறிஞர்கள் தந்த விளக்கம் இது: தோலில் ஊசியால் ரத்தம் வரும்வரை குத்தி, அந்த இடத்தில் சுர்மாவையோ அவுரிச் சாயத்தையோ நிரப்புவது. மேலே பார்த்த மைக்ரோபிளேடிங் இதிலிருந்து எங்கே வேறுபடுகிறது? கருவி எஃகாகவும் மின்சாரமாகவும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தோலின் மேலடுக்கோடு நின்று, ரத்தம் வராமல், தற்காலிகமாக இருக்கும் நிறத்துக்கு அனுமதி உண்டு என்று இக்காலத்தில் சிலர் ஃபத்வா தந்திருக்கிறார்கள். அந்தப் ஃபத்வாவை எடுத்துக்கொள்பவர் அதன் நிபந்தனையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். மருதாணி அதற்குள் அடங்கும். வருடக்கணக்கில் நிற்கும் புருவ நிறம் அடங்காது. அதோடு அதே ஹதீஸில் புருவ முடியைப் பிடுங்குவது பற்றியும் எச்சரிக்கை இருக்கிறது. எனவே என் சாச்சி மகளுக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது: "இது பச்சைதான் கண்ணு. அவகிட்டச் சொல்லு, புருவப் பென்சில் போதும்."

ஆண்கள் இதை 'பெண்கள் விஷயம்' என்று தள்ளிவிட வேண்டாம். வழுக்கைத் தலையில் புள்ளி புள்ளியாக நிறம் வைத்து, ஒட்ட வெட்டிய முடிபோலக் காட்டும் முறை இப்போது ஆண்களிடையே பரவி வருகிறது. ஊசி போகும் ஆழம் அங்கேயும் இதேதான்.

மாமியின் கேள்வி வேறு மாதிரியானது. அந்த ஹதீஸில் பற்களுக்கிடையே இடைவெளி ஏற்படுத்துவதைச் சொல்லும் இடத்தில் 'அழகுக்காக' என்ற ஒரு சொல் வருகிறது. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (ரஹ்) அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, தடுக்கப்பட்டது அழகுக்காகச் செய்வதுதான், சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்று விளக்கினார்கள். அபூதாவூதில் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் அறிவிப்பில், ஒட்டுமுடி, பச்சை ஆகியவற்றைச் சொன்ன பிறகு 'நோய் ஏதும் இல்லாமல்' என்ற ஒரு வரையறை சேர்ந்திருக்கிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்துகொண்டார்கள். அதில் துர்நாற்றம் வந்ததும், ஆண்களுக்குத் தங்கம் தடையாக இருந்தும், தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் இருக்கிறது. குறையைச் சரிசெய்வதும் இல்லாத அழகைத் தேடுவதும் ஒன்றல்ல என்பதற்கு அறிஞர்கள் எடுத்துக்காட்டும் ஆதாரங்கள் இவை.

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடியபோது அழகு அறுவை சிகிச்சை பற்றித் தீர்மானம் ஒன்றை வெளியிட்டது. தீக்காயம், பிறவிக் குறை, நோயால் வந்த சிதைவு, மனத்துக்கோ உடலுக்கோ துன்பம் தரும் விகாரம் ஆகியவற்றைச் சரிசெய்வதை அது அனுமதித்தது. ஆசைக்காகத் தோற்றத்தை மாற்றுவதை அனுமதிக்கவில்லை. வெண்புள்ளிக்கான நிறமேற்றத்தை முதல் வகையில் சேர்ப்பவர்கள் உண்டு. வேறு வழி இருக்கும்போது ஊசி வேண்டாம் என்று பேணுதலாகச் சொல்லும் ஆலிம்களும் உண்டு. உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். கேட்கும்போது 'பச்சை கூடுமா?' என்று மட்டும் கேட்காமல், என்ன நோய், எங்கே இருக்கிறது, எத்தனை காலமாக இருக்கிறது, மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் சொல்லுங்கள். பாதிக் கேள்விக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

அந்த வெள்ளைப் புள்ளி

'வெண்குஷ்டம்' என்று இதைச் சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஈஸா (அலை) அவர்களுடைய அற்புதங்களைச் சொல்லும் 3:49 வசனத்தில் வரும் சொல்லைச் சில தமிழ் மொழிபெயர்ப்புகளே அப்படித்தான் தருகின்றன. குஷ்டம் ஒரு பாக்டீரியாவால் வருவது. வெண்புள்ளிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே துண்டைப் பயன்படுத்தலாம். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களை நம் உடலின் நோயெதிர்ப்புச் செல்களே தவறுதலாக அழிப்பதால் வருவது. உலக மக்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இது காணப்படுகிறது.

தாபியீன்களில் சிறந்தவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களுக்கு இந்த 'பரஸ்' இருந்தது. துஆச் செய்து குணமடைந்தார்கள். ஒரு திர்ஹம் அளவு இடம் மட்டும் அப்படியே இருந்தது. அவரைச் சந்தித்தால் பாவமன்னிப்புக்காகத் துஆச் செய்யச் சொல்லும்படி உமர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். அடையாளமே அந்தத் திர்ஹம் அளவுப் புள்ளிதான். இது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பெண் பார்க்கப் போகும் வீட்டார் இதையும் நினைவில் வைத்துக்கொண்டு போகலாம்.

சிகிச்சையிலும் முஸ்லிம் மருத்துவர்களின் பங்கு பெரியது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தலூசிய மருத்துவர் இப்னுல் பைத்தார், 'ஆத்ரிலால்' என்ற செடியின் விதையை உட்கொண்டு வெயிலில் உடலைக் காட்டும் முறையை எழுதி வைத்தார். 1940களில் கெய்ரோவைச் சேர்ந்த டாக்டர் அப்துல் முன்இம் அல்முஃப்தி அதே செடியிலிருந்து பிரித்த சோராலென் மருந்தால் வெண்புள்ளிக்குச் சிகிச்சையளித்தார். நம் நாட்டு வைத்தியத்தில் உள்ள கார்போகரிசியிலும் இதே குடும்ப வேதிப்பொருள் இருக்கிறது. இதைப் படித்துவிட்டுக் கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டாம், கொப்புளமாக வெந்துவிடும். இன்று குறும்பட்டைப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை, டாக்ரோலிமஸ் களிம்பு ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. 2022 ஜூலையில் ருக்ஸோலிட்டினிப் களிம்புக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

இவ்வளவு இருக்கும்போது ஊசி எதற்கு? மருந்து பலிக்கும்போது நிறம் முதலில் திரும்புவது முடியின் வேர்களைச் சுற்றித்தான். அங்கேதான் மெலனோசைட்டுகளின் சேமிப்பு இருக்கிறது. உதட்டில் முடி கிடையாது, விரல் நுனியிலும் கிடையாது. அதனால் அந்த இடங்களில் மருந்து பெரும்பாலும் தோற்கிறது. நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் உதட்டு வெண்புள்ளிக்கு நிறமேற்றத்தை ஒரு வழியாக வைத்திருப்பதன் காரணம் இது. மாமியின் மகளுக்கும் உதட்டில்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. பார்லர் விளம்பரத்தில் அது இருக்காது. வெண்புள்ளி பரவிக்கொண்டிருக்கும் காலத்தில் தோலில் படும் ஒவ்வொரு காயமும் புதுப் புள்ளியாக மாறக்கூடும். இதற்குக் 'கோப்னர்' விளைவு என்று பெயர். முழங்கால் சிராய்ப்பு, இறுக்கமான பாவாடை நாடா பதிந்த இடம், செருப்பு வார் உரசும் இடம் எல்லாம் வெளுப்பது இப்படித்தான். ஊசி ஆயிரக்கணக்கான சிறு காயங்களைப் போடுகிறது. மறைக்கப் போன இடத்தைச் சுற்றி ஒரு புதிய வெள்ளை வளையம் வந்து நின்றால், முன்பிருந்ததைவிடப் பளிச்சென்று தெரியும். ஆகவே குறைந்தது ஒரு வருடமாவது புதுப் புள்ளி எதுவும் வராமல், பழையது பெரிதாகாமல் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். 'போன மாதத்திலிருந்து பரவவில்லை' என்பதெல்லாம் கணக்கில் வராது.

நிறம் செய்யும் சூழ்ச்சி

கரியைத்தானே குத்துகிறார்கள், ஏன் அதைப் 'பச்சை' என்கிறோம்? டெர்மிஸில் கறுப்பாக இருக்கும் துகளை நாம் தோலின் வழியாகப் பார்க்கிறோம். ஒளி தோலுக்குள் சிதறி வரும்போது கறுப்பு நீலப்பச்சையாகத் தெரிகிறது. கை நரம்பு நீலமாகத் தெரிவதும் இந்த வகைதான். எனவே குப்பியில் தோலின் நிறத்துக்குச் சரியாகப் பொருந்தும் கலவை, தோலுக்குள் போனதும் வேறு நிறமாகிறது. ஆழம் கொஞ்சம் கூடினால் சாம்பல் நீலம் தட்டும்.

இன்னொரு சிக்கல் வெயில். சுற்றியுள்ள நல்ல தோல் வெயிலில் கறுக்கும், மழைக்காலத்தில் தெளியும். ஊசியால் வைத்த நிறம் இரும்பு ஆக்சைடு. அது கறுக்கவும் செய்யாது, தெளியவும் செய்யாது. சித்திரையில் பொருத்தமாக இருந்தது மார்கழியில் அழுக்குத் திட்டாகத் தெரியும். உதடு ஒப்பீட்டளவில் தப்பித்துக்கொள்கிறது, அங்கே இயல்பாகவே தனி நிறம். கன்னம், கை, கால் போன்ற இடங்களில் இந்த முறை எனக்கு உவப்பாகப் படவில்லை. அங்கே நோய் அடங்கியிருந்தால், நல்ல தோலிலிருந்து மெலனோசைட்டுகளை எடுத்துப் பதியமிடும் சிகிச்சை இருக்கிறது. அதில் வருவது நம்முடைய சொந்த நிறம். வெயிலில் சேர்ந்தே கறுக்கும்.

பிடிக்கவில்லை என்றால் லேசரில் எடுத்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தோல் நிறம், உதட்டு நிறம் போன்ற மென்மையான கலவைகளில் வெளிர் சாயல் வருவதற்காக டைட்டானியம் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். லேசர் பட்டதும் அதுவும் சிவப்பு இரும்பு ஆக்சைடும் வேதிமாற்றம் அடைந்து ஒரு நொடியில் கறுத்துவிடக்கூடும். இளஞ்சிவப்பு உதட்டில் கறுப்புத் திட்டு! கறுப்புப் பச்சையை அழிப்பதைவிடத் தோல் நிறப் பச்சையை அழிப்பது கடினமானதற்குக் காரணம் இதுதான்.

தொற்று பற்றியும் சொல்ல வேண்டும். கிருமி நீக்காத ஊசியால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரவலாம் என்பது பலருக்குத் தெரியும். ஊசி புதிதாக இருந்தாலும் மையே கெட்டிருக்கலாம் என்பது அவ்வளவாகத் தெரியாது. 2011-12இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் பச்சை குத்திக்கொண்ட பலருக்குக் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்றால் தோல் தொற்று வந்தது. சாம்பல் நிற மையில்தான் கிருமி இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து பச்சை மைகளிலும் நிரந்தர ஒப்பனை மைகளிலும் 4,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. உதட்டில் அடிக்கடி அக்கிப் புண் வருபவர்களுக்கு ஊசி பட்டதும் அது மீண்டும் கிளம்பும். மருத்துவர் முன்கூட்டியே மாத்திரை தருவார், பார்லரில் தரமாட்டார்கள். காயம் ஆறும்போது தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

செய்வதென்று முடிவானால் தோல் மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும். ஓரத்தில் ஒரு சிறு இடத்தில் வைத்துப் பார்த்து, ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து நிறம் எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகே மீதியைச் செய்யச் சொல்லுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுத்து மறுசீரமைப்பு செய்துகொண்டவர்களுக்கு, காம்பைச் சுற்றிய நிறத்தை இதே முறையில் வைப்பது பல நாடுகளில் சிகிச்சையின் கடைசிக் கட்டமாகவே நடக்கிறது. அங்கே இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

ஊசி இல்லாத வழிகள்

மாமியிடம் நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். மறைப்பு கிரீம்கள் புதியவை அல்ல. முகத்தில் பிறவியிலேயே செந்நிற அடையாளம் இருந்த லிடியா ஓலியரி என்ற அமெரிக்கப் பெண், வேலை தேடிப் போன இடங்களில் முகத்துக்காக ஒதுக்கப்பட்டு, தனக்கென ஒரு கிரீமைத் தானே உருவாக்கி 1930களின் தொடக்கத்தில் காப்புரிமையும் வாங்கினார். இன்று நீர்புகா கிரீம்கள் பல நிறங்களில் கிடைக்கின்றன. நமக்கு வரும் கேள்வி வுளூ. இந்தக் கிரீம்கள் தோலின் மேல் ஒரு படலமாக நிற்கும். படலம் இருந்தால் தண்ணீர் தோலில் படாது. வுளூவுக்கு முன் கழுவி எடுத்தாக வேண்டும். ஐந்து வேளைக்கும் துடைத்துத் துடைத்துப் பூசுவது நடைமுறையில் கஷ்டம். ளுஹருக்கும் அஸருக்கும் இடையில் கல்லூரியிலோ அலுவலகத்திலோ இருக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

அதற்கு ஒரு மாற்று உண்டு. 'டைஹைட்ராக்ஸி அசிட்டோன்' என்ற சர்க்கரை வகைப் பொருள், தோலின் இறந்த செல்களிலுள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து பழுப்பு நிறம் தருகிறது. 1950களில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு மருந்தாக இதைக் கொடுத்தபோது தோலில் சிந்திய இடங்கள் பழுப்பானதைக் கவனித்துக் கண்டுபிடித்தார்கள். ஊறிய பிறகு கழுவிவிடலாம்; படலம் எதுவும் மிஞ்சாது, மருதாணிபோலக் கறை மட்டும் நிற்கும். ஐந்தாறு நாள் இருக்கும். மருதாணிக் கறை வுளூவைத் தடுக்காது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. கை, கால், கழுத்துப் புள்ளிகளுக்கு இது பொருந்தும். உதட்டுக்குப் பொருந்தாது.

ஒரு எச்சரிக்கையை இடையில் சொல்லிவிடுகிறேன். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதில் தலைமுடிச் சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். அது கொப்புளம் உண்டாக்கும். சிலருக்குத் தோலை வெளுக்கவும் வைக்கும். வெண்புள்ளி உள்ள வீட்டில் அது வேண்டாம்.

நிக்காஹுக்கு முன்

மாமி கேட்காத ஒரு கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பெண் பார்க்க வருமுன் மறைத்துவிட வேண்டும் என்பதுதானே அவசரம்? ஷாஃபிஈ மத்ஹபில் பைத்தியம், குஷ்டம், 'பரஸ்' ஆகியவை திருமணத்தை ரத்துச் செய்யும் உரிமையைத் தரும் குறைகளில் வருகின்றன. கடற்கரை ஊர்களில் நம்மில் பெரும்பாலோர் அந்த மத்ஹப்தான். ஹனஃபியில் கணவனுக்கு அந்த உரிமை இல்லை என்றாலும் ஏமாற்றுவது எந்த மத்ஹபிலும் கூடாது. சிகிச்சைக்காக அனுமதிக்கப்பட்ட நிறமேற்றம், வரப்போகும் மாப்பிள்ளையிடம் மறைப்பதற்காகச் செய்யப்படும்போது வேறொன்றாகிவிடுகிறது. அது மங்கும் நாள் கல்யாணத்துக்குப் பிறகுதான் வரும். அன்று அந்தப் பிள்ளை தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். விளம்பரம் போட்டவர் வரமாட்டார்.

இதை மாமியிடம் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அவ வாப்பாகிட்ட நீயே சொல்லிடும்மா" என்றார்.

ஏற்கனவே புருவத்திலோ உதட்டிலோ செய்துகொண்ட சகோதரிகள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். நிறம் தோலுக்கு உள்ளே இருப்பதால் வுளூவின் தண்ணீர் தோலை அடைவதை அது தடுக்காது. ஆபத்தில்லாமல் எடுக்க முடிந்தால் எடுக்க வேண்டும் என்று ஷாஃபிஈ நூல்களில் இருக்கிறது. தீங்கு வரும் என்றால் அந்தக் கடமை நீங்கிவிடும். தௌபாச் செய்துவிட்டு, லேசருக்கு ஓடுமுன் மேலே சொன்ன கறுக்கும் ஆபத்தைப் பற்றித் தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அங்கிருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரும்புத் துகள்களால் அந்த இடம் சூடாகலாம், அரிதாகத்தான் நடக்கும். நம் நாட்டு விதிகளின்படி ஊசி பட்ட நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்த தானம் செய்ய முடியாது. ஊரில் நடக்கும் முகாம்களில் வரிசையில் நிற்கும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

மாமியின் மகளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். போன ஆறு மாதத்தில் புள்ளி வளர்ந்திருப்பதால் இப்போது ஊசி கிடையாது என்று சொல்லிவிட்டார். களிம்பும் கதிர்ச் சிகிச்சையும் தொடங்கியிருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்களிடம் வாப்பாவே விஷயத்தைச் சொன்னார்; அவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், உதட்டைப் படமெடுத்துத் தேதி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அடுத்த படம் ரஜபில்.